அந்தக் கைத்துப்பாக்கியை இனி புளி போட்டு விளக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செட்டிநாட்டு வீடு ஒன்றில் தலைமுறைகளாக இருந்துவரும் சக்கிமுக்கிக் கல் கைத்துப்பாக்கியின் படத்தையும் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். தமிழில் இந்த விஷயத்தை யாரும் தொடுவதே இல்லை, தொட்டதற்கு நன்றி. ஆனால் படத்துக்குக் கீழே இருந்த வரிகளை அப்படியே விட மனசு வரவில்லை. லண்டன் டவர் கோட்டையில் செய்யப்பட்டது, திப்பு சுல்தானோடு நடந்த போரில் பயன்பட்டது, நூறு ஆண்டு தாண்டிவிட்டதால் உரிமம் தேவையில்லை, ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குப் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பூர்வீகம் திண்டுக்கல். அப்பா பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கொஞ்ச நேரமாவது அரம் பிடிக்காமல் எங்கள் வீட்டில் சோறு கிடையாது. பிழைப்புக்காக இங்கிலாந்து வந்து, வில்லன்ஹால் என்ற ஊரில் ஒரு டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வில்லன்ஹாலும் பூட்டுக்குப் பேர்போன ஊர்தான். பக்கத்து ஊரான டார்லஸ்டனில் அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு துப்பாக்கி லாக்குகளை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்புகளை, அரம் போட்டு முடித்துக்கொண்டிருந்தார்கள். வெட்னஸ்பரியில் குழல் அடித்தார்கள். எல்லாம் பர்மிங்காம் போய்ச் சேரும். இப்படிப்பட்ட வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு பழைய பிரிட்டிஷ் ராணுவக் கைத்துப்பாக்கி மேல் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் மனைவி இந்த நியாயத்தை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

சேகரிப்பவர்களில் பலர் கனவான்கள் இருவர் நேருக்கு நேர் மோதும் டூயல் சண்டைக்குச் செய்வித்த ஜோடிப் பிஸ்டல்களைத் தேடுவார்கள். வெள்ளி இழைத்திருக்கும், வெல்வெட் பெட்டியில் இருக்கும். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. ராணுவச் சரக்கில் அழகு குறைவு, ஆனால் உடம்பு முழுக்க எழுத்து இருக்கும். லாக் செய்தவன், குழலைச் சோதித்தவன், கிடங்கில் வாங்கி வைத்தவன், கடைசியில் அதை இடுப்பில் செருகிக்கொண்ட படைப்பிரிவு என்று ஒவ்வொருவரும் ஒரு முத்திரை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதைப் படிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

பார்க்காதவர்களுக்காக இது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரை என்று சொல்லும் சுத்தியல் போன்ற பாகத்தின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல், நழுவாமல் இருக்கத் தோல் துண்டு சுற்றிப் பிடித்திருக்கும். விசையை இழுத்தால் குதிரை முன்னால் பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசித் தள்ளும். பொறி பறந்து கீழே உள்ள சின்னக் கிண்ணியில் இருக்கும் வெடிமருந்தில் விழும். அந்தத் தீ குழலின் அடியில் பக்கவாட்டில் இருக்கும் பற்றுவாய் என்ற சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் போய் உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். மழை பெய்தால் கதை முடிந்தது. வெயில் அடித்தாலும் ஒரே ஒரு குண்டுதான். அதனால்தான் கப்பற்படைக் கைத்துப்பாக்கியின் பிடிக்கு அடியில் கனமான பித்தளைத் தொப்பி வைத்தார்கள். எதிரிக் கப்பலில் ஏறுகிறவன் ஒரு முறை சுட்டுவிட்டு, திருப்பிப் பிடித்து மண்டையில் போடுவான். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடை, போட்டால் போட்டதுதான். கல் பெரும்பாலும் சஃபோக் மாவட்டத்தில் பிராண்டன் என்ற ஊரில் உடைத்தது, கன்னங்கரேலென்று கண்ணாடி மாதிரி இருக்கும்.

இனி டவர் முத்திரைக்கு வருகிறேன். லாக் தகட்டில் டவர் என்று பொறித்திருந்தால் லண்டன் டவரில் செய்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆயுத வாரியம் வேலை வாங்கிய முறை வேறு. லாக் ஒருவரிடம், குழல் ஒருவரிடம், பித்தளைச் சாமான் இன்னொருவரிடம் என்று ஒப்பந்தம் கொடுப்பார்கள். பெரும்பாலும் பர்மிங்காம் பக்கத்து ஆட்கள். சரக்கு டவர் கிடங்குக்கு வந்து, சோதனை முடிந்து, அங்கிருந்து கட்டையில் பொருத்துகிறவர்களிடம் போகும். 1764 வரை லாக்கில் செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். அதற்குப் பிறகு அவை இரண்டையும் எடுத்துவிட்டு, டவர் என்று மட்டும் போட ஆரம்பித்தார்கள். ஆக, அது கிடங்கின் பெயர். பட்டறையின் பெயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சொல்லுக்கு மவுசு இருப்பதைப் பார்த்து, பர்மிங்காம் வியாபாரிகள் ஏற்றுமதிக்குச் செய்த மலிவுத் துப்பாக்கிகளிலும் அதையே அடித்தார்கள். போன நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த நகல்களிலும் அதே சொல். எனக்கு ஊரிலிருந்து உறவுக்காரப் பையன்கள் அனுப்பும் படங்களில் பாதி இந்த ரகம்தான். மாமா, கட்டபொம்மன் காலத்துப் பிஸ்டல், கடைக்காரர் ஒரு லட்சம் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்பார்கள். பொறித்ததில் ஏதாவது ஓர் ஆங்கில எழுத்து இடவலமாகத் திரும்பி நிற்கும், கிரீடம் காலிஃப்ளவர் மாதிரி இருக்கும்.

அரசுச் சரக்கு என்றால் அந்தச் சொல் மட்டும் போதாது. குதிரைக்கு முன்னால் கிரீடமும் ஜார்ஜ் அரசரைக் குறிக்கும் ஜி.ஆர். எழுத்தும் இருக்க வேண்டும், கிண்ணிக்குக் கீழே சின்னக் கிரீடத்தின் அடியில் அகன்ற அம்புக்குறி இருக்க வேண்டும். குழலின் அடிப்பகுதியில் அரசுச் சோதனை முத்திரைகள் இரண்டு அருகருகே இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதி நின்றால், அரசு அதைப் படையிலிருந்து கழித்து விற்றுவிட்டது என்று அர்த்தம். அப்படி முறையாகக் கழித்து விற்றவை ஒரு பக்கம் இருக்க, 1841 அக்டோபரில் டவரின் பெரிய ஆயுதக் கிடங்கே தீப்பிடித்து எரிந்தது. அங்கே இருந்தவற்றில் ஏராளமானவை அதோடு போயின.

திப்பு கதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்காக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்த துப்பாக்கிகளில் புலி முகமும் புலிவரியும் இருக்கும், அவர் ஏற்படுத்திய ஆண்டுக் கணக்கும் இருக்கும். 2015இல் லண்டனில் பொனாம்ஸ் ஏலத்தில் ஒரே சேகரிப்பிலிருந்த திப்புவின் ஆயுதங்களும் சாமான்களும் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. அன்றிலிருந்து பழைய இரும்பு எதுவாக இருந்தாலும் திப்பு தொட்டது ஆகிவிட்டது. உங்கள் படத்தில் இருப்பது பிரிட்டிஷ் துப்பாக்கி, எதிர்த் தரப்பில் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினுடையது என்றால் கம்பெனியின் முத்திரை இருக்க வேண்டும். நான்காகப் பிரித்த இதய வடிவம், அதற்குள் எழுத்துகள். 1808க்குப் பிறகு அதற்குப் பதில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம். கிரீடமும் ஜி.ஆரும் அரசரின் படைக்கு உரியவை. சென்னை மாகாணத்தில் அரசரின் படைகளும் இருந்தன. 19ஆவது லைட் டிராகூன் குதிரைப்படை 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் 1806 வேலூர்க் கலகத்தின்போது ஆர்க்காட்டிலும் இருந்தது. ஆனால் அவர்கள் வைத்திருந்த மாதிரிக்கு 9 அங்குலக் குழல். உங்கள் படத்தில் குழல் பிடியைவிட வெகு நீளம். என் கண்ணுக்கு 12 அங்குலம் தெரிகிறது. அது வேறு ரகம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது புளி. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுங்கள், நானும் இங்கே போடுகிறேன். இந்தப் பித்தளை குத்துவிளக்கு இல்லை. ராணுவக் கைத்துப்பாக்கியின் பித்தளைத் தொப்பியிலும் விசைக் காப்பிலும் படைப்பிரிவின் எண், அதன் உட்பிரிவான ட்ரூப்பின் எழுத்து, ஆயுதத்தின் வரிசை எண் இவற்றை நகக்கீறல் அளவுக்குத்தான் வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தால் முதலில் போவது அதுதான். புளியில் உள்ள அமிலம் பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தின்னும். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இறங்கிய ஈரம் காயாமல் உட்கார்ந்து, வெளியே தெரியாமல் உள்ளே துரு ஏற்றும்.

ஸ்மெத்விக்கில் எனக்கு ஒரு பஞ்சாபி நண்பர் இருக்கிறார். அவரிடம் நல்ல குதிரைப்படைக் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலின் மேல் ரெஜிமென்ட் பெயர் மங்கலாகத் தெரியும், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் முழுசாகப் படிக்கலாம். ஏலத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எமரி காகிதம் போட்டு, மேலே பிராஸ்ஸோவும் போட்டுவிட்டார். பிஸ்டல் கண்ணைப் பறித்தது. பெயர் போய்விட்டது. முன்பு ஒருவர் வீடு தேடி வந்து கேட்ட விலையில் பாதிக்குக்கூட ஏலத்தில் போகவில்லை. இருநூறு வருஷத்துப் பழுப்பு நிறத்தை ஒரு மத்தியானத்தில் எடுத்துவிடலாம், திரும்பக் கொண்டுவர இருநூறு வருஷம் வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதே நல்லது. தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். சிவப்பாகப் பொருபொருவென்று வரும் துரு இருந்தால் மட்டும் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மேலே மெல்லிசாக மெழுகு பூசலாம். இங்கே ரெனசான்ஸ் வாக்ஸ் என்று பிரிட்டிஷ் மியூசிய ஆய்வகத்தில் உருவான மெழுகு கிடைக்கிறது, அருங்காட்சியகக்காரர்களே பயன்படுத்துவது. வெறும் கையால் தொட்டுவிட்டு அப்படியே வைக்காதீர்கள், வியர்வையின் உப்பு போதும் கைரேகையோடு துருப்பிடிக்க. பரணில் வைக்க வேண்டாம், தோல் உறைக்குள் வைக்கவே வேண்டாம்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. இந்த மாதிரித் துப்பாக்கிகள் பல, மருந்தும் குண்டும் கெட்டித்த நிலையிலேயே வீடுகளில் கிடக்கும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் செத்துப்போகாது. அதைப் பூஜையில் வைத்துப் பக்கத்தில் கற்பூரம் வேறு ஏற்றுகிறார்கள்! அந்த வீட்டார் முதலில் செய்ய வேண்டியது இதுதான். குழலின் வாய் யாரையும் பார்க்காமல் வைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியை உள்ளே அடிவரை விடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். வாய்மட்டத்தில் குச்சியில் ஒரு கோடு போடுங்கள். குச்சியை எடுத்து, அந்தக் கோடு குழல் வாயோடு ஒட்டி நிற்கும்படி வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி பற்றுவாய் வரை வந்தால் குழல் காலி. ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக் கூடாகவும் இருக்கலாம், குண்டாகவும் இருக்கலாம். நோண்டிப் பார்க்காமல் அப்படியே வைத்துவிட்டு, இந்த வேலை தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் சட்டம். நான் வக்கீல் இல்லை, ஆனால் வாங்குகிறவன் என்பதால் படிக்க வேண்டியிருந்தது. இங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவுப்படி, பழம்பொருளான துப்பாக்கியை அலங்காரமாக, அபூர்வப் பொருளாக வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம். சுட நினைத்தால் வேண்டும். அதே உருவத்தில் இன்று செய்த, சுடக்கூடிய நகலுக்கும் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகிய ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாது என்ற நிலையில் அது இருக்க வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. வயசு மட்டும் போதாது. உங்கள் கட்டுரையாளர், பழங்கலைப் பொருள்களுக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் நூறு ஆண்டுக் கணக்கை இதோடு போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன். அந்தச் சட்டம் பேசுவது வேறு. நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அதில் முக்கியமானது. எனவே வெளிநாட்டில் இருந்து யாராவது நல்ல விலை பேசினால் அந்த வீட்டார் ஏமாற வேண்டாம். குதிரை நன்றாகப் பாய்ந்து பொறி பறக்கிற துப்பாக்கி என்றால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நிம்மதி. பயந்துபோய்க் குழலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிற வேலையெல்லாம் வேண்டாம். எனக்கு வரும் இன்னொரு வேண்டுகோளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் சட்டப்படி வைத்திருப்பது சென்னை விமான நிலையத்தில் சட்டப்படி ஆகிவிடாது. ஊருக்கு வரும்போது ஒன்று கொண்டுவாங்க மாமா என்று யாரும் கேட்காதீர்கள்.

வாங்குகிற ஆசை உள்ளவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம். 1830களிலிருந்து பிரிட்டிஷ் படையில் கல்லுக்குப் பதில், குதிரை அடித்தால் வெடிக்கும் மருந்து அடைத்த கேப் என்ற சின்ன உலோகக் குப்பியை வைத்துச் சுடும் முறை வந்தது, பழைய துப்பாக்கிகள் பலவற்றை அதற்கு மாற்றினார்கள். சேகரிப்பவர்கள் கல் துப்பாக்கிக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், மாற்றியதை மறுபடி பழையபடி மாற்றி விற்கும் கூட்டம் வந்துவிட்டது. லாக்கைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது. இரண்டு திருகாணிதான், சரியான அளவுத் திருப்புளி இருந்தால் கட்டைக்குச் சேதமில்லாமல் வந்துவிடும். தகட்டின் உட்பக்கத்தில் அடைத்துத் தேய்த்த துளைகள் தெரிகிறதா, பற்றுவாயைச் சுற்றி வெல்டிங் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். மருந்துப் புகை பட்டுப் பட்டு, பற்றுவாயைச் சுற்றித்தான் இரும்பு அதிகம் அரித்திருக்க வேண்டும். அங்கே வழவழப்பாகவும் குழலின் நுனியில் குழிகுழியாகவும் இருந்தால் பழசாகக் காட்டச் செய்த ஆசிட் வேலை. பாகங்களைச் சேர்த்தவன் ஒவ்வொன்றிலும் அரத்தால் வெட்டிய சின்னச் சின்னக் கோடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். எனக்குப் பிடித்த சோதனை மரை. விட்வொர்த் என்ற பொறியாளர் எல்லோருக்கும் பொதுவான மரை அளவை 1841இல்தான் முன்வைத்தார். அதற்கு முன்னால் பட்டறைக்குப் பட்டறை வேறு. 1805 டிராஃபல்கர் கடற்போரில் சுட்டது என்று சொல்லும் துப்பாக்கியின் திருகாணியில் இன்றைய மெட்ரிக் நட் சுகமாக ஏறினால், வாங்காமல் வந்துவிடலாம்.

சரி, அந்தச் செட்டிநாட்டுத் துப்பாக்கி. 12 அங்குலக் குழல் என்ற என் கணக்கு சரியானால், அது ஒன்று கப்பற்படை மாதிரி, இல்லையென்றால் குதிரைப்படையின் பழைய கனரக மாதிரி. இரண்டுக்கும் ஒரே நீளம்தான். கப்பற்படையினுடையதற்கு லாக் தகடு தட்டையாக இருக்கும், இடது பக்கத்தில் இடுப்பு வாரில் மாட்ட நீளமான எஃகுக் கொக்கி இருக்கும். உங்கள் படத்தில் தகடு தட்டையாகத்தான் தெரிகிறது. ஆனால் படம் வலது பக்கத்தை மட்டும் காட்டுகிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிப் போய் வந்த வீடுகளில் கப்பற்படைக் கைத்துப்பாக்கி இருப்பதில் எனக்கு வியப்பில்லை. சண்டையே பார்க்காமல் ஏதோ ஒரு துறைமுகக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். நல்ல நிலையில் உள்ளது இங்கே ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அவர்கள் விற்கப் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இதே காலத்து ஆயுதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குச்சிச் சோதனை முடிந்து குழல் காலி என்று தெரிந்த பிறகு, அந்த வீட்டாரிடம் உங்கள் நிருபர் மூலமாக இடது பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொக்கியை யாராவது எப்போதோ கழற்றியிருந்தாலும் கட்டையில் அது அழுந்தியிருந்த தடம் இருக்கும். கூடவே பித்தளைத் தொப்பியையும் விசைக் காப்பையும் பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுக்க வேண்டும். விளக்கி மிச்சம் ஏதாவது எழுத்து இருந்தால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல் பூர்வீக வாசகன்,
வில்லன்ஹால், இங்கிலாந்து